கால் சுற்று

ஒயில் சூடாக இருந்தால்தான் முழுக்க இறங்கும்.
ஆகவே நிற்பாட்டி வைக்கமுன்
ஒருக்கால் ஓடியே ஆக வேண்டும்.
இது என் சாட்டு இல்லை,
கைநூலில் எண்பத்தொராம் பக்கம்.
தயாபரனுக்கும் காட்டினேன்.

லாங்கெந்தாலுக்கு வெளியே
கழுவாத பால்ச்சட்டியின் உள்வெள்ளையாய்ப் புகார்.
கிழங்கு ஏற்றிப்போன உழவு இயந்திரம்
வளைவு முழுக்கச் சேறு சிந்தியிருந்தது.
ஐம்பதில் போனேன்.
கையுறைக்குள் விரல்கள்
சின்னதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாய் விடைபெற்றன.

பதினொரு கிலோமீற்றர்.
திரும்பி வந்து மூடியைத் திறந்தால்
நேற்று நிரப்பிய தாங்கி குறைந்திருக்கிறது.
வெற்றிடம் விட்டால் உள்ளே துரு பிடிக்கும்.
மறுபடி பெற்றோல் அடிக்கப் போனேன்.
அடித்து வருகிற வழியில் அதுவும் குறைந்தது,
ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவு.
இதற்கு மேலும் கணக்குப் பார்த்தால்
மார்ச் வந்துவிடும்.

நிலவறைக் கராஜில்
கறுப்பாய் இறங்கியது என் முதல் கோடை:
சுஸ்டன் கணவாய் இரண்டு தரம்,
வேலைக்கு நூற்றுச் சொச்சம்,
கோயிலுக்கு ஒரே ஒரு தரம்,
சேலைக்கு மேல் தோல் ஜாக்கெட்டுடன்.
"நாற்பத்தாறு வயசில் இதென்ன நேத்தி?"
அன்னதான வரிசையில் யாரோ கேட்டார்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்தேன்,
அவருக்குத் தெரிந்திராது.

இலக்கத்தகட்டுக்கு நாலு திருகாணி,
ஒன்று கழல மறுத்தது.
கவுண்டர்ப் பெண் தகட்டை வாங்கிக்கொண்டு
ஒரு தாள் தந்தாள்.
காப்புறுதிக் காசில் கொஞ்சம் திரும்பி வருமாம்.
இலக்கம் இல்லாமல் தெருவில் நிற்கக்கூடாது
இந்த நாட்டில்.
எனக்கும் அப்படி இரண்டு வருஷம் இருந்தது,
அதை இங்கே சொல்லப் போவதில்லை.

புகைக்குழாயில் எலி கூடு கட்டும், துணி அடை என்றார்
வண்டி விற்ற ரூக்செக்கர்.
வெள்ளைத் துணியொன்றை உருட்டிக்கொண்டு போனவள்
குழாய் வாய்க்குக் கிட்ட வைத்துவிட்டு
கையை எடுத்தேன்.
மூக்கில் பஞ்சு வைப்பது இப்படித்தான்.
மூன்று மாடி ஏறிப் போய்
வேறு நிறம் தேடினேன்.
அகப்பட்டது சாருகாவின் கிழிந்த விளையாட்டுக் காற்சட்டை,
கண்ணைக் குத்தும் செம்மஞ்சள்.
அடைத்தாயிற்று.
ஒரு கால் மட்டும் வெளியே தொங்குகிறது,
வசந்தத்தில் மறக்காமல் இருக்க.

பற்றறி குசினியில்,
றைஸ் குக்கருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது.
ஒருநாள் தயாபரன் வயர் மாறிப் பிடுங்கி
அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு
மோட்டார் சைக்கிளைத் திட்டினார்.
அதற்குக் காது நிலவறையில்.

கடைசியாக ரயர்.
ஒரே இடத்தில் மாதக்கணக்காய் அழுந்தினால்
அந்த இடம் தட்டையாகிவிடும்.
சுண்ணக்கட்டியால் பக்கவாட்டில் நாலு கோடு.
மாதம் ஒரு கோடு, கால் சுற்று.

நினைவூட்ட எதுவும் எழுதி வைக்கவில்லை.
இரவு வேலையில்
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்
பதினாலாம் அறைத் திருமதி ஃபங்க்ஹவுசரை
வலப்பக்கம் சரித்துத் தலையணை கொடுப்பேன்,
பிறகு இடப்பக்கம்,
முதுகில் புண் வராதபடி.
கண் திறக்காமலே கேட்பார்:
"எங்கே போகிறோம்?"
"சுவர்ப்பக்கம்" என்பேன்.
"நல்லது" என்பார், ஏதோ ஊர்ப்பெயர் கேட்டதுபோல.

ஜனவரி. வேலை முடிந்து,
சீருடையோடு, நேரே நிலவறைக்கு.
போர்வையின் முன்பக்கம் தூக்கிக்
கைபிடியில் இரண்டு கையும் வைத்து
இரண்டாம் கோடு நிலத்தைத் தொடும்வரை தள்ளினேன்.
அரை மீற்றர்.
போன மாதமும் அரை மீற்றர்.

சுவருக்கு இன்னும் ஒரு மீற்றர் இருக்கிறது.
பெப்ரவரி, மார்ச்.
கணக்குச் சரி.